கடலில் நீச்சல்: அலை குறைவாகத் தெரியும் இடத்தில் இறங்கலாமா?

கரையோரன் எழுதியது:

வணக்கம். அடுத்த வாரம் ஒரு கடற்கரை விடுதியில் 4 நாள் தங்கல். நீச்சல் குளத்தில் ஃப்ரீஸ்டைலில் 1 கி.மீ. நிற்காமல் போக முடியும், 100 மீட்டருக்கு 3 நிமிடக் கணக்கில். கடலில் நீந்திப் பழக்கமில்லை. கூடவே 7 வயதும் 10 வயதுமாக இரண்டு பிள்ளைகள்.

படங்களில் பார்த்தவரை கடற்கரை இப்படி: நடுவில் சிவப்பு-மஞ்சள் கொடிகள் இரண்டு. அவற்றுக்கு இடையே அலை நன்றாகவே உடைகிறது. வலது கோடியில் கல் போட்ட தூண்டில் வளைவு ஒன்று கடலுக்குள் நீள்கிறது. அதை ஒட்டி 20 மீட்டர் அகலத்துக்கு அலையே இல்லை, தண்ணீர் மட்டும் கொஞ்சம் கருத்துத் தெரிகிறது.

1. பிள்ளைகளோடு அந்த அலையில்லாத பக்கம் இறங்குவதுதானே நல்லது?
2. கரைக்கு இணையாக 500 மீட்டர் போய்த் திரும்ப நினைக்கிறேன். உள்ளே போகாமல் கரையோரமாகவே போனால் ஆபத்து இல்லைதானே?
3. இடுப்பில் கட்டும் டோ ஃப்ளோட் (நீந்தும்போது பின்னால் மிதந்து வரும் காற்றடைத்த மிதவை) வாங்கியிருக்கிறேன். அது போதுமா?
4. உயிர்காப்பாளர்கள் காலை 9 மணிக்குத்தான் வருவார்களாம். 6 மணிக்குக் கடல் அமைதியாக இருக்கும் என்கிறார்கள். அப்போதே இறங்கலாமா?

---

கடல்நாரை எழுதியது:

முதல் கேள்விக்கு ஒரே பதில்: கூடாது. நீங்கள் நல்ல இடம் என்று குறித்து வைத்திருப்பதுதான் அந்தக் கடற்கரையிலேயே மோசமான இடம்.

அலை உடைய உடைய, தண்ணீர் கரைப் பக்கம் வந்து குவிகிறது. குவிந்த தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமே! மணல் திட்டுகளுக்கு நடுவே எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே ஒன்றுசேர்ந்து ஓடை போலக் கடலுக்குள் பாயும். இதுதான் ரிப் கரண்ட். இழுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அலை உடைவது ஆழத்தைப் பொறுத்தது. 1 மீட்டர் உயர அலை சுமார் 1.3 மீட்டர் ஆழத்துக்கு வரும்போதுதான் மடிந்து உடையும். பள்ளத்தின் மேல் அந்த அலை உடையாமலே கடந்துவிடும். அதனால்தான் இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் கருத்த, அமைதியான பட்டை. ஆழமும் வெளியே ஓடும் தண்ணீரும் சேர்ந்த இடத்தைத்தான் கண் 'அமைதி' என்று படிக்கிறது.

தூண்டில் வளைவின் ஓரம் இன்னும் ஒரு படி மேல். கரையை ஒட்டி ஓடிவரும் நீரோட்டம் கல்லில் முட்டி, வேறு போக்கிடமில்லாமல் கடல் பக்கம் திரும்பும். மணல் திட்டுகளுக்கு நடுவே உள்ள இழுப்பு நாளுக்கு நாள் இடம் மாறும். கல்லோரத்து இழுப்பு ஏறக்குறைய நிரந்தரவாசி. கல்லோ, படகுத்துறைத் தூணோ, எதுவானாலும் குறைந்தது 30 மீட்டர் தள்ளி இருங்கள்.

வேகம்: வழக்கமான இழுப்பு விநாடிக்கு 0.3 முதல் 0.6 மீட்டர் வரை. மூர்க்கமானால் 2 மீட்டரையும் தாண்டும். உங்கள் 3 நிமிடக் கணக்கு விநாடிக்கு 0.56 மீட்டர் ஆகிறது. அதாவது வழக்கமான இழுப்பிலேயே, முழு மூச்சாகக் கரையைப் பார்த்து நீந்தியும் நீங்கள் பின்னால் போகலாம்.

கண்டுபிடிக்கும் முறை: மணலில் நின்று பார்த்தால் பாதிதான் தெரியும். விடுதியின் மேல்மாடியோ மணல்மேடோ, உயரமான இடத்திலிருந்து 10-15 நிமிடம் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டம் கூட்டமாக வரும், இடையில் கடல் சாந்தமாகிவிடும். 2 நிமிடம் பார்ப்பவர் அந்த இடைவெளியை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார். பார்க்க வேண்டியவை: உடையும் அலை வரிசையில் ஓர் அறுபட்ட இடம், நுரையோ பாசியோ அலைக்கு எதிர்த் திசையில் வெளியே நகர்வது, உடையும் இடத்துக்கு அப்பால் மணல் கலங்கிய தண்ணீர் விசிறி போல விரிவது. போலரைஸ்டு கண்ணாடி போட்டால் பளபளப்பு அடங்கி இந்த நிற வேறுபாடு நன்றாகத் தெரியும்.

கொடிகள்: மேலே சிவப்பு, கீழே மஞ்சள் என்றால் உயிர்காப்பாளர் கண்காணிக்கும் இடம், இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் நீந்த வேண்டும். தனிச் சிவப்பு என்றால் இறங்காதே. இரட்டைச் சிவப்பு என்றால் கடல் மூடப்பட்டது. கருப்பு-வெள்ளைக் கட்டம் சர்ஃபிங் பலகைக்காரர்களுக்கு. காற்றின் திசை காட்டும் ஆரஞ்சு நிறத் துணிப்பை பறந்தால் காற்றடைத்த மிதவை எதையும் தண்ணீரில் விடக்கூடாது. ஊதா, கொட்டும் உயிரினங்களுக்கு. நாட்டுக்கு நாடு சிறு மாற்றங்கள் உண்டு, அங்குள்ள பலகையையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

---

நீவாடு எழுதியது:

கடல்நாரை இழுப்பைச் சொல்லிவிட்டார். நான் 2-வது கேள்விக்கு வருகிறேன். (கடலோரக்காரர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். புனைபெயருக்குக் காரணம் கேட்பவர்களுக்காக.)

கரையோரமாகவே போனால் ஆபத்தில்லை என்பது பாதி உண்மை. அலை கரைக்குச் சாய்வாக வந்தால், உடையும் பகுதியில் கரைக்கு இணையாக ஒரு நீரோட்டம் ஓடும். விநாடிக்கு 0.3 மீட்டர் என்று வைத்து உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

நீரோட்டத்தோடு போனால் 500 மீட்டர் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். 'இன்றைக்கு நல்ல வேகம்' என்று தோன்றும். திரும்பி வர 33 நிமிடம் ஆகும், அதுவும் களைத்த தோளோடு. நீரோட்டம் 0.5 ஆக இருந்தால் அதே 500 மீட்டரைத் திரும்பக் கடக்க 2.5 மணி நேரம், அதாவது முடியாது. அதனால் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்துப் புறப்பட்டு, அதனோடு திரும்ப வேண்டும். எதிர்த்துப் போகும்போது பாதியிலேயே களைத்தால், திரும்பியதும் கடலே கொண்டுவந்து சேர்க்கும்.

வேகம் அளக்க ஓர் ஆரஞ்சுப் பழம் போதும். முக்கால்வாசி மூழ்கி மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது. கரையில் 10 மீட்டர் காலடியால் அளந்து இரண்டு அடையாளம் வையுங்கள். பழத்தைக் கரையோர நுரைக்கு அப்பால் எறிந்து, ஓர் அடையாளத்திலிருந்து மற்றதுக்கு எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். 33 விநாடி என்றால் 0.3. 20 விநாடி என்றால் 0.5, அன்று தூர நீச்சல் வேண்டாம். இறங்கிய பிறகும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை நின்று பாருங்கள். கரையில் முன்னால் ஒரு கம்பம், அதன் நேர் பின்னால் ஒரு கட்டடம் என்று இரண்டு பொருளை முன்பே நேர்கோட்டில் குறித்து வைத்தால், கோடு விலகும் பக்கத்தை வைத்து நகர்வு உடனே தெரியும். ஒற்றை அடையாளம் ஏமாற்றும்.

ஓதம் (கடல் மட்டம் ஏறி இறங்குவது): ஏற்றத்திலிருந்து வற்றம் வரை சுமார் 6 மணி நேரம் என்றால், தண்ணீர் சீராக இறங்குவதில்லை. மொத்த உயர வேறுபாட்டைப் பன்னிரண்டாகப் பிரித்தால் மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு. வேறுபாடு 2 மீட்டர் என்றால் முதல் மணியில் 17 செ.மீ. இறங்கும், மூன்றாம் நான்காம் மணியில் 50 செ.மீ. வீதம். ஓட்டமும் அந்த நடு மணிகளில்தான் அதிகம். அமாவாசை, பௌர்ணமியிலும் அதையடுத்த ஓரிரு நாளும் வேறுபாடு பெரிது; அஷ்டமியை ஒட்டிச் சிறிது. இழுப்பு பல கடற்கரைகளில் வற்றத்தை ஒட்டித்தான் வலுக்கும், ஏனென்றால் தண்ணீர் குறையும்போது திரும்பும் ஓட்டம் முழுக்கப் பள்ளத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆற்று முகத்துவாரம் அருகில் இருந்தால் வற்றும் நேரத்தில் அந்தப் பக்கமே வேண்டாம். பெருமழைக்குப் பிறகு 2 நாளும் வேண்டாம், சாக்கடையும் அதே வழியாகத்தான் வருகிறது.

முன்னறிவிப்பு: 'அலை 1 மீட்டர்' என்றால் எல்லா அலையும் 1 மீட்டர் அல்ல. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி அது. அவ்வப்போது அதன் இரு மடங்குக்கு நெருக்கமாக ஒன்று வரும். உயரத்தைவிட நான் முதலில் பார்க்கச் சொல்வது இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நேரம். 5 விநாடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய சிற்றலை. 12 விநாடிக்கு மேல் என்றால் எங்கோ தொலைவில் அடித்த புயல் அனுப்பியது. உயரம் குறைவாக இருந்தாலும் சுமந்து வரும் தண்ணீர் அதிகம், இழுப்பும் அதிகம். உள்ளூரில் காற்றே இல்லாத நாளில் திடீரென்று கடல் ஏறுவதைக் கள்ளக்கடல் என்று மீனவர்கள் சொல்வது இதன் பெரிய வடிவத்தைத்தான்.

4-வது கேள்வி: காலை 6 மணிக்குக் கடல் தட்டையாகத் தெரிவதற்குப் பல நாளும் காரணம், காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிப்பது. கரைக்கு அருகே தண்ணீர் வழவழவென்று இருக்கும். 200 மீட்டர் உள்ளே போனால் அதே காற்று உங்களை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். பார்க்க ஆளில்லாத நேரத்தில் முதல் கடல் நீச்சல் வேண்டாம். 9 மணி வரை மேல்மாடியிலிருந்து கடலைப் பாருங்கள், அதுவும் வேலைதான்.

---

மீன்கொத்தி எழுதியது:

3-வது கேள்வி விட்டுப்போச்சு. டோ ஃப்ளோட் நல்ல சாமான்தான், ஆனா எதுக்குன்னு தெரிஞ்சு கட்டணும். படகுக்காரன் கண்ணுல பட, நடுவுல கட்டிப்பிடிச்சு மூச்சு வாங்க, அவ்வளவுதான். மயங்கினா உங்க முகத்தை வானம் பார்க்கத் திருப்பிப் போடாது. அது 100 நியூட்டன் (எவ்வளவு மிதக்க வைக்கும்கிற அளவு), அதுக்கு மேல உள்ள லைஃப் ஜாக்கெட்டோட வேலை. 50 நியூட்டன் போட்டிருக்கிறது நீந்தத் தெரிஞ்சவங்களுக்கான மிதப்பு உடுப்பு மட்டும்.

வாங்கினதை வீட்டிலயே ஒரு ராத்திரி ஊதி வைங்க. காலையில தொங்கியிருந்தா வால்வு கசியுது. ரெண்டு அறை இருக்கிற மாடல்னா ரெண்டையும் தனித்தனியா ஊதிப் பாருங்க. கயிறு நீளம், மிதவை முழங்காலுக்குப் பின்னால நிக்கிற அளவு. ரொம்ப நீளமா விட்டா கால் உதைக்கும்போது சுத்திக்கும். பக்கிளை ஒத்தைக் கையால, கண்ணை மூடிக்கிட்டு அவிழ்க்கப் பழகுங்க. ஒரு விசிலை மிதவையில கட்டுங்க. போனை நீர்புகாப் பையில போட்டு அதுக்குள்ள வைங்க. தொப்பி பளீர் ஆரஞ்சு, மஞ்சள், ரோஸ். வெள்ளைத் தொப்பி நுரைக்குள்ள காணாமப் போயிடும், நீலம் சொல்லவே வேணாம். பிள்ளைகளோட நீச்சல் உடைக்கும் இதே கணக்குதான்.

குளத்து ஆளுங்க மறக்கிற ஒண்ணு: 25 மீட்டருக்கு ஒரு தடவை சுவரை உதைச்சுப் போறதும் ஒரு ஓய்வுதான். 1 கி.மீ.ல அது 39 தடவை. கடல்ல சுவர் இல்லை, தரை தெரியாது, பக்கத்துல மூச்சுக்குத் திரும்பும்போது அலை வாயில அறையும். அதனால ரெண்டு பக்கமும் மூச்செடுக்கப் பழகிட்டு வாங்க. அலை வர்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் எடுங்க. 8 கைவீச்சுக்கு ஒரு தடவை கண்ணை மட்டும், முதலை மாதிரி, தண்ணிக்கு மேல தூக்கி முன்னால பாருங்க. அப்புறம் தலையைத் திருப்பி மூச்சு. முழுத் தலையையும் தூக்கினா இடுப்பு இறங்கிடும், ரெண்டே நிமிஷத்துல கழுத்து வலிக்கும்.

தண்ணிக்குள்ள தலைகீழாப் பாயவே கூடாது. சரிவான கரையில அலை நேரா மணல் மேல கவிழும். அந்த இடத்துலதான் கழுத்தெலும்பு உடையிறது. கால் முதல்ல, பாதத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடங்க; மணல்ல புதைஞ்சு கிடக்கிற திருக்கை விலகிப் போகும். இடுப்பளவு வந்ததும், உடையப் போற அலைக்கு அடியில ரெண்டு கையையும் முன்னால நீட்டி மூழ்கி, மணலைத் தொட்டு, அலை தலைக்கு மேல போனதும் எழுந்திருங்க. திரும்பும்போது கடலுக்கு முழு முதுகும் காட்டாதீங்க, பக்கவாட்டா நின்னு பின்னால பார்த்துக்கிட்டே வாங்க.

தண்ணி 15 டிகிரிக்குக் கீழன்னா கதையே வேற. இறங்கின முதல் 1-3 நிமிஷம் மூச்சு தன்னால வாரி இழுக்கும், அந்த நேரம் முகம் உள்ள இருந்தா தண்ணியைத்தான் இழுப்பீங்க. மூச்சு அடங்குற வரைக்கும் நீந்தாம மல்லாந்து மிதங்க. வெளிய வந்த பிறகும் 10-30 நிமிஷத்துக்கு உடம்புச் சூடு இறங்கிக்கிட்டே இருக்கும். உடனே துவட்டி உடுத்துங்க, சுடுதண்ணிக் குளியல் அப்புறம். மூச்சுத் திணறலோட இருமல், சளியில ரோஸ் நிற நுரை வந்தா அது களைப்பு இல்லை, நுரையீரல்ல நீர் கோக்குது. உடனே கரை, உடனே ஆஸ்பத்திரி.

---

கரையோரன் எழுதியது:

நன்றி. கல்லோரத்தை விட்டுவிட்டேன். ஒரு சந்தேகம்: இழுப்பில் மாட்டினால் கரைக்கு இணையாக நீந்து என்று சிலரும், அசையாமல் மித என்று சிலரும் சொல்கிறார்கள். எது சரி?

---

கடல்நாரை எழுதியது:

இரண்டும் சரி, வரிசைதான் முக்கியம். இழுப்பு ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுபோகும். அதை எதிர்த்துக் கரையைப் பார்த்து நீந்திக் களைத்துப்போவதால்தான் மூழ்குகிறார்கள். எனவே முதலில் மல்லாந்து, காது தண்ணீருக்குள் இருக்கும்படி தலையைச் சாய்த்து, கைகளை விரித்து மிதங்கள். மூச்சு சீரானதும் ஒரு கையை உயர்த்தி மெல்ல ஆட்டுங்கள், விசில் ஊதுங்கள்.

பிறகு வெள்ளை நுரை எந்தப் பக்கம் என்று பாருங்கள். நுரை இருக்கும் இடத்தில் ஆழம் குறைவு, அலையும் கரைப் பக்கம் தள்ளும். அதை நோக்கிக் குறுக்கே நீந்துங்கள். இழுப்பின் அகலம் பெரும்பாலும் 10 முதல் 30 மீட்டர்தான். ஒரு பக்கம் நீந்தும்போது எதிர்ப்பு தெரிந்தால் மறு பக்கம் திரும்புங்கள். இழுப்பு நேராகப் போகாமல் சாய்ந்தும் ஓடும். கல்லோரத்தில் மாட்டினால் மட்டும் தேர்வே இல்லை, கல்லை விட்டு விலகும் பக்கம்தான்.

வெறுமனே மிதந்தாலே வட்டமாகச் சுற்றி மணல் திட்டுக்குக் கொண்டுவந்துவிடும் என்று சொல்வது பல இழுப்புகளுக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சில, உடையும் அலைக்கு வெளியே தள்ளிவிட்டு ஓயும். கரையில் உங்களைப் பார்க்க ஆள் இருந்தால் மிதப்பது நல்ல வழி. ஆளில்லாவிட்டால் மிதப்பது மூச்சு வாங்க மட்டும்.

---

அலைமகள் எழுதியது:

பிள்ளைகளைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. 7 வயதுப் பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பார்வைக்கெட்டும் தூரத்தில் அல்ல. இடுப்பளவுத் தண்ணீர் என்று பெரியவர்கள் சொல்வது அவனுக்குக் கழுத்தளவு. காற்றடைத்த வாத்து, படுக்கை, டயர் எல்லாம் குளத்துக்கு. நிலத்திலிருந்து காற்று அடித்தால் அவை நீந்துபவரைவிட வேகமாக ஓடும். போனால் போகட்டும், துரத்திக்கொண்டு யாரும் நீந்த வேண்டாம். பிள்ளை அதன் மேல் இருந்தால் இறங்காமல் இறுகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, உடனே உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள்.

நீங்கள் நீந்தும்போது கரையில் ஒரு பெரியவர், பிள்ளைகள் பொறுப்பு இல்லாதவராக, உங்களை மட்டும் பார்க்க வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் பார்க்க முடியாது. எங்கே இறங்கி எங்கே ஏறுவீர்கள், எத்தனை மணிக்கு வரவில்லையென்றால் அழைக்க வேண்டும் என்பதை முன்பே சொல்லுங்கள். மூழ்குபவர் கத்த மாட்டார், கையை ஆட்டவும் மாட்டார். வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழுமாக, தலை பின்னால் சாய்ந்து, உடல் செங்குத்தாக, ஏணி ஏறுவதுபோல் கை அசையும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். காப்பாற்ற வெறுங்கையோடு குதிக்கக் கூடாது. மூடிய காலி கேன், பந்து, மிதவை எதையாவது எறியுங்கள். வெளியே எடுத்தவர் மூச்சில்லாமல் இருந்தால், திடீரென்று இதயம் நின்றவருக்குச் செய்வதுபோல் நெஞ்சழுத்தத்தில் தொடங்காமல், முதலில் வாயோடு வாய் வைத்து 5 மூச்சு. பிறகு 30 அழுத்தம், 2 மூச்சு.

சொறி (ஜெல்லி மீன்) பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல்நீரால் கழுவி, ஒட்டிய இழைகளை இடுக்கியால் எடுத்து, கை பொறுக்கும் சூட்டில், 45 டிகிரி வரை, வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். திருக்கை முள்ளுக்கும் இதே வெந்நீர்தான், நேரம் மட்டும் கூடும். முள் நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் பிடுங்காமல் மருத்துவமனைக்கு. இடி கேட்டால் வெளியே வந்து, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

---

கரையோரன் எழுதியது:

அப்படியானால் என் திட்டம்: காலையில் மாடியிலிருந்து பார்ப்பது, 9 மணிக்கு மேல் உயிர்காப்பாளரிடம் பேசிவிட்டு இறங்குவது. முதல் நாள் கொடிகளுக்கு நடுவே, மார்பளவுத் தண்ணீரில் 50 மீட்டராக 4 முறை. டோ ஃப்ளோட் இடுப்பில். 500 மீட்டர் ஆசை 4-வது நாள், கடல் இடம் கொடுத்தால். சரிதானா?

---

மீன்கொத்தி எழுதியது:

சரிதான், ரெண்டு திருத்தம். அலை உடையுற இடத்தைத் தாண்டுற வரைக்கும் மிதவையை முதுகுக்குப் பின்னால விடாதீங்க, கையில பிடிச்சுக்கோங்க. பின்னால விட்டா அலை அதைக் கரைக்கு இழுக்கும், கூடவே உங்க இடுப்பையும். திரும்பி வரும்போது அலை அதைத் தூக்கி உங்க பின்மண்டையில போடும்.

இன்னொண்ணு, கொடிக்குக் கொடி 50 மீட்டர் இருக்கும்னு எண்ணாதீங்க. மணல் திட்டு நகர்ந்தா கொடியும் நகரும், ஒரே நாள்ல மதியத்துக்குள்ள மாத்துவாங்க. ஒவ்வொரு தடவை நின்னு மூச்சு வாங்கும்போதும் ரெண்டு கொடியையும் கண்ணால தேடுங்க. ஒண்ணுதான் தெரியுதுன்னா, வெளிய வந்து மணல்ல நடந்து திரும்பிப் போங்க.